280 அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை, அவசர உதவி

சிவப்புஓடு: காலையிலிருந்து போர் ஓடுகிறது. 280 அடி தாண்டியும் தூள்தான் பறக்கிறது. பக்கத்து வீட்டில் 120 அடியிலேயே தண்ணீர். இன்னும் 100 அடி போகலாம் என்கிறார் ரிக் வண்டிக்காரர். போகலாமா?

மழைத்துளி: எந்த ஏரியா? கேசிங் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி? தூள் என்ன நிறம்?

பெசன்ட்நகர்வாசி: ஆழம்தான் தப்பு. எங்கள் பக்கம் மணல், மேலாகவே நல்ல தண்ணீர். ஆழமாகப் போனால் உப்புதான்.

பழையகை: இதை இங்கே எத்தனை தடவை எழுதியாயிற்று. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். கடலோர மணலில் தண்ணீர் பரவி நிற்கும். பாறையில் மேலே சிதைந்த பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கும். பெசன்ட் நகர் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது.

சிவப்புஓடு: குரோம்பேட்டை. கேசிங் 50 அடி. தூள் முதலில் மஞ்சள், அப்புறம் நீலம் கலந்த சாம்பல்.

ஊற்றுக்கண்: உங்கள் பக்கம் சாம்பல் தூள் என்றால் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. பரங்கிமலை, பல்லாவரம் எல்லாம் அதே கல்தான். கல்லுக்குள் தண்ணீர் தங்காது, வெடிப்பில்தான் ஓடும். பக்கத்து வீட்டு போர் ஒரு வெடிப்பை வெட்டியிருக்கிறது. அந்த வெடிப்பு உங்கள் மனைக்கு வராமலே போயிருக்கலாம். கீழே போகப் போக வெடிப்புகள் பெரும்பாலும் குறையும், இறுகும். வண்டியை அனுப்பிவிடுங்கள். மஞ்சள் தூள் வந்தபோது ஈரம் இருந்ததா? இருந்தால் அந்த ஊற்றைக் கேசிங் அடைத்திருக்கும்.

தென்னந்தோப்பு: முதலிலேயே நீரோட்டம் பார்த்திருக்கலாம். எங்கள் ஊரில் தேங்காய் வைத்துப் பார்ப்பவர் சொன்னால் தப்பியதில்லை.

மழைத்துளி: தேங்காய்க்கு வெடிப்பு எங்கே தெரியும்? நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடை சர்வே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தென்னந்தோப்பு: சர்வே எடுத்தும் காய்ந்த போர் எத்தனை வேண்டும்? காட்டுகிறேன்.

பழையகை: சர்வே உறுதி தராது, வாய்ப்பைத்தான் கூட்டும். தேங்காய் அதையும் செய்யாது. வேண்டுமானால் இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

சிவப்புஓடு: வண்டியை அனுப்பிவிட்டோம். 35 அடி வாக்கில் ஈரமண் வந்ததாம். உறைக்கிணறு தோண்ட ஆள் கேட்டிருக்கிறேன். நன்றி.

ஊற்றுக்கண்: நல்லது. வடகிழக்கு மழைக்கு முன்னால் மொட்டைமாடித் தண்ணீரை மணல், ஜல்லி வடிகட்டி வழியாக அந்தக் கிணற்றுக்கே விடுங்கள். 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம்தான். செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது?

மழைத்துளி: ஆமாம், அதைச் சொல்லாமல் தோண்ட ஆரம்பித்துவிடாதீர்கள்.