மறுமொழி: ‘நீர்வெறுப்புத் தோல்’ வேண்டாம், ‘நீரொட்டா’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிலந்தி வகுப்பு உயிரிகள் சிலவற்றின் உடல்மேல் தண்ணீர் தங்காமல் உருண்டோடுவதற்கு ‘நீர்வெறுப்புத் தோல்’ என்று போன மடலில் பரிந்துரைத்திருந்தீர்கள். எனக்கு அதில் இரண்டு சொல்லுமே உறுத்துகிறது.

முதலில் ‘நீர்வெறுப்பு’. வெறிநாய்க்கடி நோயை நீர்வெறுப்பு நோய் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம், அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். தவிர, அந்தப் பரப்பு நீரை வெறுக்கவும் இல்லை, பிடித்துத் தள்ளவும் இல்லை. நீர் மூலக்கூறுகள் பரப்போடு ஒட்டுவதைவிடத் தங்களுக்குள் இறுகப் பற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான், அதனால் ‘நீர்விலக்கி’யும் சரிவராது. தாமரை இலையில் தண்ணீர் என்ன செய்கிறது? ஒட்டுவதில்லை என்றுதானே சொல்கிறோம். ஆகவே ‘நீரொட்டா’. துளி பரப்பைத் தொடும் கோணம் 90 பாகைக்கு மேல் இருந்தால் நீரொட்டாப் பரப்பு. 150-ஐத் தாண்டினால், மீக்கடத்தி (superconductor), மீயொலி (ultrasound) ஆகியவற்றில் ‘மிகுந்த’ என்ற பொருளில் ‘மீ’ சேர்ப்பதுபோல ‘மீநீரொட்டாப் பரப்பு’. ‘நீர்புகா’ என்பது வேறு: கண்ணாடிக்குள் நீர் புகாது, ஆனால் கண்ணாடி நனையும்.

அப்புறம் ‘தோல்’. சாட்டைபோல நீண்ட முன்கால்களுள்ள சாட்டைச் சிலந்தியை (whip spider) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இருப்பது சுரந்து காய்ந்து இறுகிய ஒரு படலம். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணுருண்டைகள் நெருக்கமாக அப்பிக்கிடக்கும். துளி அவற்றின் உச்சியில் மட்டும் உட்கார, அடியில் காற்று நிற்கிறது. உடல் கொஞ்சம் சாய்ந்தாலே முத்துப்போல உருண்டு விழுந்துவிடும். இதைத் தோல் என்றால் படிக்கிற பிள்ளைகள் அதன் அடியில் உள்ள புறச்சட்டகத்தையே, அதாவது உடலைத் தாங்கும் கெட்டியான வெளிக்கூட்டையே, நினைத்துக்கொள்வார்கள். ‘மெழுகுத்தோல்’ என்று இன்னொருவர் சொன்னதும் சிக்கல்தான், ஏனென்றால் உடலின் ஈரம் வெளியே போகாமல் காக்கும் மெழுகு புறச்சட்டகத்தின் மேலடுக்கில் தனியாகவே இருக்கிறது. எனவே இந்தப் படலத்துக்கு ‘நீரொட்டாப் பூச்சு’.

நீர்ச்சிலந்திக்கு ‘பூச்சு’ பொருந்தாது, அங்கே வேலை செய்வது வயிற்றை மூடிய மயிர்கள். அவை பிடித்துவைக்கும் காற்றால்தான் தண்ணீருக்குள் அதன் வயிறு வெள்ளிபோல மின்னுகிறது. அதை ‘நீரொட்டா மயிர்’ என்றும், உடலை ஒட்டிய காற்றுப் படலத்தைக் ‘காற்றுப்போர்வை’ என்றும் சொல்லலாம். நீரடியில் வலை பின்னி, மேலிருந்து கொண்டுவந்த காற்றை அதற்குள் நிரப்புகிறதே, அது ‘காற்றுக்கூடு’. இரண்டையும் ‘குமிழ்’ என்று ஒரே சொல்லால் எழுதினால் குழப்பம்.

‘மீநீரொட்டா’வை வேகமாக வாசித்தால் ‘மீன்நீர்’ என்று கண் தடுக்குகிறது. வேறு முன்னொட்டு தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். ‘நீரொட்டா’வை மட்டும் விடுவதாக இல்லை.