‘பாஸ்பரஸ் ஃபிக்சேஷன்’: மண்பிடித்தம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களே,

குளிர்காலக் கோதுமைக்கு உரமிடுவது பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ‘பாஸ்பரஸ் ஃபிக்சேஷன்’ வரும் இடங்களில் ‘மணிச்சத்து நிலைநிறுத்தம்’ (மணிச்சத்து என்பது பாஸ்பரஸ்) என்று எழுதலாம் என நேற்று இங்கே ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தழைச்சத்து நிலைநிறுத்தம் என்றால் காற்றிலுள்ள நைட்ரஜன் பயிருக்கு உதவும் வடிவத்துக்கு வருகிறது. அது பயிருக்கு வரவு. மணிச்சத்தில் நடப்பதோ நேர் எதிர். கரைந்த பாஸ்பேட்டைப் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் பிடித்துக்கொள்கின்றன. வேருக்குக் கிடைப்பது குறைகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா?

‘முடக்கம்’ என்றும் யோசித்தேன். ஆனால் முடங்கியது திரும்பாது என்ற எண்ணம் வந்துவிடும். உண்மை அப்படியில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் பிராட்பாக் வயலில் 1843 முதல் குளிர்காலக் கோதுமை விதைக்கிறார்கள். ஆண்டுதோறும் சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரம் இட்ட பாத்திகளில் மணிச்சத்து ஏராளமாகச் சேர்ந்துவிட்டதால், 2001 முதல் பல பாத்திகளில் அதை நிறுத்தி வைத்தார்கள். கோதுமை பழைய இருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளத்தில் வைப்பு நிதிக்குப் பிடிப்பார்களே, அதுபோலத்தான். அன்றைக்குக் கைக்கு வராது, ஆனால் தொலைந்தும் போகாது. அதனால்தான் ‘பிடித்தம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

*

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு விஷயங்கள் மட்டும்.

‘மணிச்சத்துப் பிடித்தம்’ என்றால் விருப்பம் என்றும் பொருள்படும். ‘மண்பிடித்தம்’ என்று ஒரே சொல்லாக எழுதினால் பிடிப்பது மண் என்பது தெளிவாகும். பெயரடைக்குப் ‘பிடித்தமான’ வேண்டவே வேண்டாம். ‘மண் பிடித்த மணிச்சத்து’ போதும்.

அப்புறம், குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாக வளரும், பாஸ்பேட் வேரை நோக்கிப் பரவுவதும் மெதுவாகும். அது நகர்வதே சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் விதைக்கும்போதே விதையை ஒட்டி உரம் வைக்கிறார்கள். இளம் கோதுமையில் இப்படி வரும் குறையை மண்பிடித்தம் என்று எழுதிவிடக் கூடாது. சத்து மண்ணில் இருக்கிறது, வேர்தான் இன்னும் எட்டவில்லை. அதற்கு ‘வேரெட்டாமை’ என்று தனிச்சொல் வைக்கலாமா? உங்கள் கட்டுரையில் இரண்டும் எங்கெங்கே வருகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.