"எவ்வளவு கொடுத்தாங்க?" – ராமநாதபுரம் கடற்கரையில் மதம் மாறியவர்கள், மாற்ற வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தங்கச்சிமடத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் ஒருவர் வேதத்தில், அதாவது கிறிஸ்தவ மதத்தில், சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தால் முதலில் வருகிற கேள்வி "எவ்வளவு கொடுத்தாங்க?" என்பதுதான். அந்த மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு மனசு இருக்கும், யோசித்திருப்பார் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். நான் ராமேஸ்வரம் தீவிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கரையில் வேதம் வந்த கதை அவ்வளவு சுத்தமானது இல்லை. 1530களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மீனவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக் குளிக்கும் தொழிலில் போட்டி, அடிதடி, அதற்குப் போர்ச்சுகீசியர் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஊர்த்தலைவர்கள் முடிவு செய்தார்கள், ஊர் முழுக்க நனைந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்த பிறகுதான் அந்த மக்களுக்கு மந்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் வேலையே ஒழுங்காகத் தொடங்கியது. மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையில் 1549இல் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைச் சாமியாரைக் கொன்றார்கள். அவரை மறைசாட்சி என்று நாங்கள் மரியாதையோடு சொல்கிறோம், சரி. ஆனால் அந்தச் சண்டை ஏன் வந்தது? ராமேஸ்வரத்துக்குப் போகிற யாத்திரிகர்களைப் போர்ச்சுகீசியர் வழிமறித்து வரி வாங்கினார்கள். ஒருவன் தன் சாமியைக் கும்பிடப் போகும் பாதையில் காசு கேட்டு நின்றார்கள், அதற்குப் பதில் ரத்தமாக வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது என் கண்ணால் பார்த்தது. மீன்பிடித் தடைக்காலம் உங்களுக்குத் தெரியும், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், கையில் காசு ஓடாது. அப்படி ஒரு தடைக்காலத்தில் வெளியூரிலிருந்து ஒரு ஜெபக்குழு வந்தது, எங்கள் கத்தோலிக்க ஆட்கள்தான். ஐந்து கிலோ அரிசிப் பை, கூடவே ஒரு நீளமான நோட்டு. பெயர், வீட்டில் எத்தனை பேர், எந்த மதம் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு இந்து அக்கா பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு வந்தீங்கன்னா அடுத்த மாசமும் உண்டும்மா" என்று சொன்னதும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டு அடுப்பு எரியுறதுக்கு எங்க ஆத்தாவ விக்கணுமாய்யா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பங்குச்சாமி (எங்கள் ஊர்க் கோவில் பாதிரியார்) அந்தக் குழுவைக் கூப்பிட்டு, கொடுப்பதென்றால் தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், நோட்டை மூடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை. உலகத்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று சமயச் சுதந்திரம் பற்றியது, இன்னொன்று மறைபரப்புப் பணி பற்றியது. திருச்சபை இயல்பிலேயே நற்செய்தியை எடுத்துச் செல்வது என்று மறைபரப்பு ஏடு சொல்கிறது. வற்புறுத்தக் கூடாது, அதிலும் ஏழைகள், படிக்காதவர்கள் விஷயத்தில் நேர்மையில்லாத வழியில் இணங்க வைக்கவே கூடாது என்று சமயச் சுதந்திர ஏடு சொல்கிறது. மறைபரப்பு ஏட்டுக்குள்ளேயே, யாரையும் கட்டாயப்படுத்தியோ தகாத வழியில் ஆசை காட்டியோ சேர்ப்பதைத் திருச்சபை தடை செய்கிறது என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறவர்களால்தான் எங்கள் எல்லோர் பெயரும் கெடுகிறது.

திருவாடானைப் பக்கத்திலிருந்து:

நாங்கள் இந்துக்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்குப் போகாத வருஷம் கிடையாது. என் அப்பத்தா அந்தச் செம்மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசிவிடும். அத்தனை வருஷத்தில் "நீங்க எப்ப வேதத்துல சேரப் போறீங்க" என்று அங்கே ஒருத்தரும் எங்களைக் கேட்டதில்லை.

அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ லிஸ்பனில் பிறந்தவர். இங்கே வந்து காவி கட்டி, கறி மீன் விட்டு, பண்டாரச் சாமியாக வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதி காலத்தில் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார், 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். மறவர் குலத் தலைவர் தடியத் தேவர் வேதத்தில் சேர்ந்ததுதான் காரணம். சேர வேண்டுமென்றால் ஒரு மனைவிதான் இருக்கலாம் என்பதால் மற்றவர்களை அனுப்பிவிட்டார், அதில் ஒருத்தி சேதுபதியின் சொந்தக்காரப் பெண். திருவிழாப் பிரசங்கங்களில் சாமியாருடைய தைரியத்தைச் சொல்வார்கள், தேவருடைய மனமாற்றத்தைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வரும். தேவர் தன் மனசாட்சிப்படி நடந்தார், அது அவர் உரிமை. ஆனால் ஒரு நாள் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? சுதந்திரம் என்று பேசும்போது மாறுகிறவரை மட்டும் பார்க்காதீர்கள், அவர் கூட இருப்பவர்களையும் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புனிதரைக் குறை சொல்லவில்லை. இந்த வருஷமும் போவேன்.

மண்டபத்திலிருந்து:

அண்ணே, அந்த "எவ்வளவு கொடுத்தாங்க" கேள்வியை நேராக வாங்கியவன் நான். படகு இன்ஜின் மெக்கானிக். கூட வேலை பார்த்த ஒரு இந்துப் பையன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கத்தோலிக்க ஊர் அது, அவனுக்காகக் கோவில் மணி அடித்து, கரையில் நின்று ராத்திரி முழுக்க ஜெபமாலை சொன்னார்கள், அவன் யார், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆரம்பம். கோவிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் போய்ப் புத்தகம் கேட்டேன், மாற்கு நற்செய்தியைக் கொடுத்தார்.

சேர வேண்டும் என்று சாமியிடம் போனால் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "பொண்ணுக்காகவா? வேலைக்காகவா? அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அம்மாவிடம் சொன்னேன், அழுதது. மறுபடி போனேன். வாராவாரம் உபதேசம், ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்புறம் ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா திருவிழிப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு கிடைத்தது என்று கேட்டீர்களே, கணக்குச் சொல்கிறேன். நான் எஸ்.சி. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் ஆனால் அந்தச் சான்றிதழ் செல்லாது (சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் திருத்தினார்கள், எங்களுக்கு இல்லை). 18 சதவீத ஒதுக்கீட்டிலிருந்து பி.சி. வரிசைக்குப் போனேன், என் பிள்ளைகளுக்கும் அதுதான். சாதி போனதா என்றால் அதுவும் இல்லை, கல்லறையில்கூடத் தனி இடம் காட்டுகிற ஊர்கள் இருக்கின்றன. சலுகைதான் போனது. இத்தனையும் தெரிந்துதான் சேர்ந்தேன். என்னை யாரும் வாங்கவில்லை.

ராமநாதபுரம் டவுனிலிருந்து:

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன், சட்டத்தை மட்டும் சொல்கிறேன். அரசியல் சாசனம் 25ஆவது பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் எடுத்துச் சொல்வதுதான், இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, எதிர்ப்பு பலமாக இருந்ததால் 2004இல் திரும்பப் பெற்றார்கள். மண்டபத்து நண்பரைப் போல் ஒருவர் தானாக மாறினாலும் அரசாங்க அதிகாரி முன்னால் போய் நிரூபிக்க வைக்கிற சட்டங்கள் வேறு மாநிலங்களில் இருக்கின்றன. அந்த அரிசி நோட்டைப் போலவே இதுவும் எனக்குத் தப்பாகத்தான் படுகிறது.

எங்கள் ஆபீசுக்கு அதிகம் வருவது கல்யாண விவகாரம். கீழக்கரைச் சாலையில் ஒரு இந்துப் பெண், மாப்பிள்ளை கத்தோலிக்கப் பையன். ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம் என்று அவன் வீட்டார் நெருக்கினார்கள், பெண் தூங்காமல் கண் சிவந்து வந்து நின்றாள். திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. ஆயரிடம் (பிஷப்பிடம்) அனுமதி வாங்கினால் அவள் இந்துவாகவே இருந்து சர்ச்சிலேயே கல்யாணம் செய்யலாம், பிள்ளைகளைத் தன் விசுவாசத்தில் வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று பையன்தான் வாக்குக் கொடுக்க வேண்டும், அவளிடம் அதைத் தெரியப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். நம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்துக்குள் வருகிறது, அதனால் மனு பங்குச்சாமி வழியாக அந்த ஆயருக்குப் போகும். யாராவது உங்களை இப்படி நெருக்கினால் நேராகப் பங்குச்சாமியிடம் போய் "மதம் மாறாமல் கல்யாணத்துக்கு அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள், மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.