தரையில் தேறுகிறது, மேலே போனால் டிகாஸ் பழுது: எங்கே தேடுவது?

உரும்பிராய்ப் பொடியன்:

வணக்கம். விமான மின்னணுவியல் படித்துவிட்டு, தெற்கே ஒரு பராமரிப்புக் கொட்டகையில் பயிற்சியில் இருக்கிறேன். இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், ஆனால் மனம் அந்த விமானத்தை விட்டு வரவில்லை.

இரண்டு டர்போபிராப் இயந்திரங்கள் உள்ள விமானம். அதன் மோதல் தவிர்ப்புக் கருவி, அதாவது டிகாஸ், தரையில் சுயசோதனை செய்தால் ஒவ்வொரு முறையும் தேறிவிடுகிறது. 17,000 அடியில் பறக்கும்போது மட்டும் ‘டிகாஸ் பழுது’ என்று திரையில் வருகிறது. இறங்கும்போது தானாகவே மறைந்துவிடுகிறது. விமானிகள் பதிவேட்டில் எழுதுகிறார்கள், நாங்கள் சோதித்துவிட்டுப் ‘பழுது காணப்படவில்லை’ என்று கீழே எழுதுகிறோம். கணினியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினார்கள், பலனில்லை. இப்போது இன்னொரு கணினியைத் தருவிக்கப் போகிறார்களாம். பயிற்சியாளன் பேச்சு அங்கே எடுபடாது. ஆனாலும் காரணத்தை அறியாமல் எனக்கு உறக்கம் வராது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஸ்காபரோவிலிருந்து:

நான் துறைக்காரன் இல்லை, விமானங்களை வேடிக்கை பார்க்கிறவன். டிகாஸ் என்பது ஒரு ராடார்தானே? அப்படியானால் அது மூக்கில் இருக்கும். மூக்கைத் திறந்து பார்த்தீர்களா?

வயாவிளான்:

மூக்கில் இருப்பது வானிலை ராடார். அதை யாரும் தொட வேண்டாம்.

டிகாஸ் எதையும் பார்ப்பதில்லை, கேட்டுத்தான் அறிகிறது. 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். அக்கம்பக்கத்து விமானங்களின் டிரான்ஸ்பொண்டர்கள், அதாவது பதில் அனுப்பும் வானொலிக் கருவிகள், 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பதில் வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரியும், பதிலுக்குள்ளேயே உயரம் இருக்கும், திசையை அன்டெனா கணிக்கும். பதில் சொல்லாத விமானம் இதன் கணக்கிலேயே இல்லை.

தம்பி, கணினி மாற்றும் வேலையை நிறுத்தச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை என்பது தெரியும். வளைகுடாக் கொட்டகைகளில் வேலை செய்த காலம் முழுவதும் இந்தக் கூத்தை நான் பார்த்தேன். பெட்டியைக் கழற்றுவது சுலபம், கால்மணி நேர வேலை. அன்டெனாவைக் கழற்ற ஏணி வேண்டும், பூச்சுப் பசையைச் சுரண்ட வேண்டும், மறுபடி பூச வேண்டும், அது காயும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் நல்ல பெட்டிகள் எல்லாம் பழுது என்று சீட்டுக் கட்டப்பட்டுப் பட்டறைக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வருகின்றன.

முதலில், பழுது வந்த வேளையில் உங்கள் விமானத்தின் இரண்டு டிரான்ஸ்பொண்டர்களில் எது தெரிவில் இருந்தது என்று விமானிகளிடம் கேள். தன் விமானத்தின் உயரத்தையே டிகாஸ் அதன் வழியாகத்தான் பெறுகிறது. ஒன்றாம் இலக்கத்தில் பழுது வந்து, இரண்டாம் இலக்கத்தில் வராவிட்டால் உன் வேலை பாதி முடிந்தது. ரேடியோ உயரமானியையும் ஒருமுறை பார். தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிக்குக் கீழே ‘ஏறு’, ‘இறங்கு’ என்ற கட்டளைகளை டிகாஸ் நிறுத்திவிட வேண்டும், அதற்கு இந்த உயரமானி வேண்டும். அது செத்தால் டிகாஸும் பழுது என்றுதான் சொல்லும்.

ஆனால் என் சந்தேகம் மேல் அன்டெனாவில். 17,000 அடி என்கிறாய். நம் வெப்பமண்டலத்தில் ஏறக்குறைய 16,000 அடிக்கு மேலேதான் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே போகிறது. அன்டெனாவின் அடியில் நீர் புகுந்திருந்தால் அங்கே அது உறைந்து விரிந்து தொடுகையை விலக்கும். இறங்கினால் உருகிவிடும். கொட்டகையில் நீ சோதிக்கும்போது வெயில் 32 பாகை, எல்லாம் தேறத்தான் செய்யும். கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு பறப்புக்கும் பழுதுப் பதிவு இருக்கும். சுயசோதனையோடு திருப்தி அடையாமல் அந்தப் பக்கங்களைத் திறந்து படி.

ஓய்வுபெற்ற மின்னணுக்காரன்:

வயாவிளான் அண்ணை சொல்வது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடக்கு இணைப்புக் கம்பியையும் பார்க்க வேண்டும். டிகாஸ், டிரான்ஸ்பொண்டர்கள், தூரமானி எல்லாமே ஏறக்குறைய ஒரே அலைவரிசைப் பகுதியில் வேலை செய்கின்றன. ஒன்று பேசும்போது மற்றவை காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பி அறுந்தால் வரும் கோளாறுகளுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

உரும்பிராய்ப் பொடியன்:

அண்ணைமாருக்கு நன்றி. விடுமுறை முடிந்து திரும்பியதும் ஒரு மூத்தவரிடம் மெல்லக் கதைத்தேன். நல்ல மனிதர், நினைவகத்தைத் திறந்தார். ஒவ்வொரு பறப்பிலும் மேல் அன்டெனா என்றே பதிவாகியிருந்தது! கழற்றினோம். பூச்சுப் பசை ஓரிடத்தில் பிளந்திருந்தது. உள்ளே ஈரம், ஒரு கனெக்டரில் பச்சையாகச் செம்புக் களிம்பு. புதிய அன்டெனா வந்திருக்கிறது. பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பிறகு காற்றழுத்தக் கருவியை மாட்டி உயரத்தை ஏற்றிச் சோதிக்கப் போகிறார்களாம்.

வயாவிளான்:

பூட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியைக் கையேட்டில் பார். அன்டெனா உட்காரும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடவை, கையேடு சொல்லும் அரிப்புத் தடுப்பைப் பூசு, மில்லி ஓம் மீட்டரால் இணைப்பை அளந்து குறித்துக்கொள். திசை காட்டும் அன்டெனாவுக்கு நான்கு கேபிள்கள் வரும்: மஞ்சள், கறுப்பு, நீலம், சிவப்பு. நிறத்துக்கு நிறம் பூட்டு. மாறினால் வலப்பக்கத்து விமானம் இடப்பக்கத்தில் தெரியும். நீளம் மிஞ்சுகிறது என்று கேபிளை நறுக்காதே, அதில் சமிக்ஞை இழக்கும் வலுவுக்கும் கணக்கு உண்டு. சுற்றிலும் பசை பூசி, சொன்ன நேரம் காயவிடு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் வந்து போகும் விமானம் என்றால் இதில் அவசரமே கூடாது. ஓடுபாதையிலிருந்து கடல் கூப்பிடு தூரம், உப்புக்காற்று எந்தப் பிளவையும் விடாது. அந்த விமான நிலைய வேலிக்கு உள்ளேதான் எங்கள் காணியும் இருக்கிறது. இரும்புக் கதவுகளை அந்தக் காற்று என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவன் நான்.

இனி நீ கடைசியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன விடயம். எனக்கு அதுதான் பயம்.

உயரத்தை ஏற்றிச் சோதிக்க, விமானம் பறக்கிறது என்று கருவியை நம்பவைப்பீர்கள். அப்போது டிரான்ஸ்பொண்டர் விழித்திருந்தால் என்ன ஆகும்? தரையில் நிற்கும் விமானம் ‘நான் 20,000 அடியில் இருக்கிறேன்’ என்று வானத்துக்குச் சொல்லும். மேலே உண்மையிலேயே அந்த உயரத்தில் ஒருவன் போய்க்கொண்டிருப்பான். அவனுடைய டிகாஸ் அதை நம்பும். இல்லாத விமானத்திலிருந்து தப்ப ‘ஏறு, ஏறு’ என்று கத்தும், அவன் ஏறுவான். கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவி சொல்வதையே செய்ய வேண்டும் என்றுதான் அவனுக்குக் கற்பித்திருக்கிறார்கள். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ஒரு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. மற்றதன் கருவி ஏறச் சொல்லியும், விமானிகள் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டு இறங்கினார்கள். 71 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து இந்த விதியில் தளர்வே இல்லை.

அதிலும் பலாலியில் வைத்துச் சோதித்தால் இன்னும் கவனம் வேண்டும்: சென்னையையும் கொழும்பையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார், கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாகத்தான் போகும். அதனால் உயரச் சோதனையின்போது டிரான்ஸ்பொண்டர் உறக்க நிலையில் இருக்க வேண்டும். அது பதில் சொல்லித்தான் ஆக வேண்டிய சோதனை என்றால், மேலும் கீழும் உள்ள அன்டெனாக்கள் மீது மூடி மாட்டி, அலை வெளியே போகாமல் சோதனைக் கருவிக்குள்ளேயே முடியவேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூடி இல்லை, கொழும்பிலிருந்து வர நாளாகும் என்று யாராவது சொன்னால் அன்று சோதனை இல்லை. இதைப் பயிற்சியாளனும் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து:

மூக்கைப் பற்றிச் சொன்னதை மீளப் பெற்றுக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி: தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏற்றும் பெரிய பட்டங்களை டிகாஸ் கண்டுபிடிக்குமா?

வயாவிளான்:

பட்டத்தில் டிரான்ஸ்பொண்டர் கட்டினால் கண்டுபிடிக்கும். கழுகு, டிரோன் எல்லாம் அதே கணக்குத்தான்.

தம்பி, பழைய அன்டெனாவை எறிந்துவிடாதே. களிம்பு பிடித்த கனெக்டரைப் படமெடுத்து வேலைத்தாளோடு சேர்த்துவை. கழற்றிய கணினி நல்லது என்று பட்டறையிலிருந்து சீட்டு வரும்போது அந்தப் படம் தேவைப்படும்.