பெற்றோரும் பிள்ளைகளும் பேசிப் பழக ஊரில் ஒரு வகுப்பு: எப்படி நடத்துவது?

வாசகர் வட்டம்:
எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில், 10 முதல் 14 வயது வரை பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். 25 குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கட்டட வேலை, மில் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு மனநல நிபுணரை அழைத்து ஒருநாள் பேச வைத்தால் போதுமா, தொடர்ந்து நடத்த வேண்டுமா? அப்பாக்களை எப்படி வரவழைப்பது?

மலர்விழி (சமூகப்பணி):
ஒருநாள் சொற்பொழிவு வேண்டாம். கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள், வீட்டில் ஒன்றும் மாறாது. பேசுவது பழக்கம், பழகித்தான் வரும். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் இதே வயதுக்காக வடிவமைத்த ‘ஸ்ட்ரெங்தனிங் ஃபேமிலீஸ்’ திட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். வாரம் ஒன்றாக 7 வாரம், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் வேறோர் அறையில். அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து. இந்தப் பிரிவைக் கைவிடாதீர்கள். அப்பா எதிரே இருந்தால் பிள்ளை வாயைத் திறக்காது.

25 குடும்பத்தை ஒரே கூட்டமாக உட்கார வைக்காமல் மூன்று குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு மூன்று பேர் வேண்டும்: பெற்றோரிடம் ஒருவர், பிள்ளைகளிடம் இருவர். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இல்லையென்றால் அம்மாக்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள்.

முக்கியப் பயிற்சி இது: ஒருவர் 2 நிமிடம் பேசுவார். மற்றவர் கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லி, “இதைத்தானே சொன்னே?” என்று கேட்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். பெரியவர்கள் அரை நிமிடத்தில் அறிவுரைக்குத் தாவுவார்கள். அதனால் ஒரு பந்தைக் கொடுங்கள். பந்து யார் கையிலோ அவர் மட்டுமே பேசலாம். முதல் வாரம் மதிப்பெண், செல்போன் இரண்டையும் தொடக் கூடாது. டிவி ரிமோட் யாரிடம் இருப்பது என்ற அளவில் தொடங்கி, நான்காம் வாரம் செல்போனுக்கு வாருங்கள். முதல் சுற்றில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஜோடி சேர்த்தால் பதற்றம் குறையும்.

நம் வீடுகளில் இன்னொன்று உண்டு. “அப்பாகிட்ட நீயே சொல்லிரும்மா.” எல்லாச் செய்தியும் அம்மா வழியாகவே போகும், திட்டும் அவர் வழியாகவே வரும். ஒரு முழு வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பிள்ளை அப்பாவிடம் நேராக ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும், அம்மா குறுக்கே பேசக் கூடாது. ஏழு வாரத்தில் அதிகம் பலன் தருவது இதுதான் என்பேன்.

வீட்டுப்பாடமும் ஒன்றே போதும்: தினம் 10 நிமிடம், பிள்ளை சொல்லும் விளையாட்டோ வேலையோ, திருத்தாமல், போன் இல்லாமல். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பங்கேற்று உருவாக்கிய ‘பேரண்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்’ பாடங்களும் இந்தத் தனி நேரத்தில்தான் தொடங்குகின்றன. அந்தக் கையேடுகள் இணையத்தில் இலவசம்.

செல்வம்:
அப்பாக்கள் விஷயம். சனிக்கிழமை மாலை வைக்காதீர்கள். கட்டட வேலையில் அன்றுதான் வாரக்கூலி. ஞாயிறு காலை 10 முதல் 12 வரை சரியாக வரும். கறி வாங்கும் வேலை அதற்குள் முடிந்திருக்கும், டாஸ்மாக் திறப்பது 12 மணிக்கு. ஆனால் அது சமையல் நேரம், அம்மாக்கள் எழுந்து போவார்கள். மதியச் சாப்பாட்டை நீங்களே கொடுத்துவிடுங்கள். 40 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 4 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. அப்பாக்களே பரிமாறட்டும்.

அழைப்பை அம்மாவிடம் கொடுத்து அனுப்பாமல் அப்பாவை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். ‘குடும்ப ஆலோசனை’ என்று பேர் போட்டால், வீட்டில் சண்டை என்று ஊர் நினைக்குமே என ஒதுங்குவார்கள். ‘ஞாயிறு வகுப்பு’ போதும்.

வழக்கறிஞர் தேவி:
தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகப் பேசுங்கள். அடி உதை உள்ள வீட்டைச் சேர்ந்து பேசும் பயிற்சியில் உட்கார வைக்காதீர்கள். அங்கே மனம் திறந்து சொன்னதற்கு இரவில் வீட்டில் அடி விழும். அவர்களுக்குத் தேவை 181 உதவி எண்ணும், 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரும்.

பிள்ளைகளிடம் “இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொந்தரவு தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் தண்டனை உண்டு. “உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம்” என்று முதல் நாளே சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல உதவிக்கு 14416 இரண்டையும் சுவரில் ஒட்டிவையுங்கள்.

மலர்விழி (சமூகப்பணி):
பலனை அளப்பது பற்றி ஒரு வார்த்தை. “நிகழ்ச்சி பயனாக இருந்ததா?” என்று கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடந்த 7 நாளில் எத்தனை நாள் சேர்ந்து சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் கத்தல், பிள்ளை எத்தனை நாள் தானாக வந்து பேசியது என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். தொடக்கத்தில், முடிவில், மூன்று மாதம் கழித்து. பெரியவர்கள் தொடக்கத்தில் கத்தலைக் குறைத்தே எழுதுவார்கள், முடிவில்தான் உண்மையை எழுதுவார்கள். நிலைமை மோசமானதுபோல் தோன்றும். பிள்ளைகளின் தாளை அதிகம் நம்புங்கள்.

வாசகர் வட்டம்:
மிக்க நன்றி. நான்கு வீடுகளில் அப்பா வளைகுடாவில். பாட்டிதான் வளர்க்கிறார். சேர்க்கலாமா?

செல்வம்:
தாராளமாக. வளர்ப்பவர் யாரோ அவர்தான் வர வேண்டும், பாட்டியையே உட்கார வையுங்கள். அப்பாவுக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. பந்து விதி அதற்கும் உண்டு. சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, எமிரேட்ஸில் இப்போது சனி, ஞாயிறு. அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும். அவருக்கு விடுமுறை எந்த நாள் என்று முதலில் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள்.