ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் எச்.ஐ.வி வராதாமே, லெனகாபவிர் எப்படி வேலை செய்கிறது?

உயிரியல்_டீச்சர்

வணக்கம் நண்பர்களே. மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். எச்.ஐ.வி பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் இந்த லெனகாபவிர் ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள், அதைத் தடுப்பூசி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தடுப்பூசி இல்லை, மருந்துதான் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அதற்கு மேல் விளக்க முடியவில்லை.

மூன்று விஷயம் புரியவில்லை. ஒன்று, ஆன்டிபயாடிக்கே ஒரு நாளைக்கு மூன்று வேளை போட வேண்டியிருக்கிறது, இது எப்படி ஒரே தடவையில் 26 வாரம் உடம்பில் நிற்கிறது? இரண்டாவது, ஆப்பிரிக்காவில் நடந்த சோதனையில் 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்கிறார்கள். அப்படி ஒரு எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. மூன்றாவது, புத்தகத்தில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், புரோட்டியேஸ் என்று நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் மட்டும்தான் இருக்கின்றன. கேப்சிட் என்பது படத்தில் வெறும் உறை. அந்த உறையைத் தாக்கலாம் என்று ஏன் முன்பே யாருக்கும் தோன்றவில்லை?

யாராவது பொறுமையாகச் சொன்னால் வகுப்பில் அப்படியே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

எக்ஸ்ரே_படிகம்

டீச்சர், மூன்றாவது கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், புரத அமைப்பு ஆராய்ச்சிதான் என் வேலை.

முன்பே யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது, தோன்றியது, ஆனால் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. நொதி என்றால் அதற்கு ஒரு குழி இருக்கும், வேதிவினை அங்கேதான் நடக்கும், அதை அடைக்கும் மூலக்கூறைத் தேடினால் போதும். கேப்சிட் எந்த வினையையும் நடத்துவதில்லை. ஒரே புரதத்தின் சுமார் 1,500 பிரதிகள் சேர்ந்து கட்டிய ஒரு கூம்பு, அதற்குள்ளே வைரஸின் ஆர்என்ஏ. அவ்வளவுதான். அந்தப் புரதங்கள் ஆறாறாகச் சேர்ந்து 250 வளையங்கள் அளவுக்கு இருக்கும், நடுநடுவே ஐந்தாகச் சேர்ந்த வளையங்கள் சரியாக 12. வாய் மூடிய கூடாக வேண்டுமென்றால் ஐங்கோணம் 12 இருந்தே ஆக வேண்டும், அது கணித மேதை ஆய்லர் சொன்ன கணக்கு, கால்பந்தின் மேலே எண்ணிப் பார்த்தாலும் அதே 12 தான் வரும். பந்தில் அவை சமமாகப் பரவியிருக்கின்றன. எச்.ஐ.வியில் அகலமான முனையில் 7, குறுகிய முனையில் 5 என்று பிரிந்திருப்பதால்தான் கூம்பு வடிவம் வருகிறது. புரோட்டீன் டேட்டா பேங்க் கல்வித் தளத்தில் இந்தக் கேப்சிட்டை வெட்டி ஒட்டிச் செய்யும் காகித மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது, பிள்ளைகளைச் செய்ய வையுங்கள், பத்து பக்கப் பாடத்தைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ் சண்ட்குவிஸ்ட் குழு இந்தக் கூம்பு வடிவியலை 1999-ல் வெளியிட்டது. மருந்து செய்கிறோம் என்ற திட்டம் எதுவும் அப்போது இல்லை, வைரஸ் எப்படித் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள நடந்த வேலை, பெரும்பாலும் அரசுப் பணத்தில். புரதத்தில் அங்கங்கே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். கூம்பு கொஞ்சம் இளகினாலும் வைரஸ் செத்தது, கொஞ்சம் இறுகினாலும் செத்தது. என்னைக் கேட்டால் லெனகாபவிரின் விதை அங்கேதான் இருக்கிறது. வெறும் உறை என்று நினைத்த ஒன்று அவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்கிறது என்றால், அதைத் தட்டிவிட ஒரு சின்ன மூலக்கூறு போதும் அல்லவா.

2013-ல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து, புளூ வாட்டர்ஸ் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் 6 கோடியே 40 லட்சம் அணுக்களைக் கொண்டு முழுக் கேப்சிட்டையும் உருவகப்படுத்தினார்கள். அதற்கு முன்பே ஃபைசர் நிறுவனத்தில் பிஎஃப்-74 என்ற மூலக்கூறு அகப்பட்டிருந்தது. வளையத்தில் பக்கத்துப் பக்கத்துப் புரதங்கள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அது அங்கே போய் உட்கார்ந்தது. ஆனால் உடம்பில் சீக்கிரமே சிதைந்துபோகும், மருந்தாக உதவாது. அதே பள்ளத்துக்கு கிலியட் நிறுவனத்தில் பத்து வருஷத்துக்கும் மேல் மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து வந்ததுதான் லெனகாபவிர்.

அந்தப் பள்ளம் வைரஸுக்கு முக்கியமான இடம். செல்லுக்குள் நுழைந்ததும் கேப்சிட் உடைந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லாம் படித்தோம், இன்னும் பல புத்தகங்களில் படம் அப்படித்தான் இருக்கிறது. 2020, 2021 வாக்கில் வந்த ஆய்வுகளில் கூம்பு முழுதாகவே உட்கருத் துளைக்குள் போவது தெரிந்தது. போகும் வழியில் நம் செல்லின் புரதங்களைப் பிடித்துக்கொண்டு போக அந்தப் பள்ளம்தான் வைரஸுக்குக் கைப்பிடி. மருந்து அங்கே உட்கார்ந்துவிட்டால் வழி அடைபடும், கூம்பு விறைத்து விரிசல் விடும். ஏற்கெனவே தொற்றிய செல்லிலிருந்து புதிதாக வரும் வைரஸ்களுக்கும் கூம்பு கோணலாகத்தான் அமையும். நொதியைத் தடுக்கும் மருந்து வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு கட்டத்தை அடிக்கும், இது பல கட்டங்களை அடிக்கிறது, அதுவும் பிகோமோலார் அளவிலேயே, அதாவது மிக மிகக் குறைவாக இருந்தாலே போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முதல் கேள்விக்கு இது வேண்டும்.

ஃபார்முலேஷன்காரன்

மேலே சொன்ன நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மருந்து நிறுவனத்தில் ஃபார்முலேஷன் பிரிவில், அதாவது மூலக்கூறை மாத்திரையாகவோ ஊசியாகவோ ஆக்கும் பிரிவில் இருப்பவன், இந்த மூலக்கூறின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

லெனகாபவிர் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. மாத்திரை செய்பவனுக்கு அது பெரிய தலைவலி, இங்கே அதுவே வசதியாகப் போனது. பாலிஎத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் கலந்த கரைசலில் 927 மில்லிகிராம் மருந்தை வைத்து, 1.5 மில்லி வீதம் இரண்டு ஊசியாக வயிற்றுத் தோலுக்கோ தொடைத் தோலுக்கோ அடியில் போடுகிறார்கள். உள்ளே போனதும் கரைப்பான் பரவிப் போய்விடும், மருந்து திடமாக வீழ்படிந்து ஒரு சேமிப்பாக அங்கேயே தங்கிவிடும், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தத்தில் சேரும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 முதல் 12 வாரம் வரை.

ரத்தத்துக்கு வந்த மருந்தைக் கல்லீரல் விட்டுவைக்க வேண்டுமே, அதுதான் அடுத்த பிரச்சினை. மூலக்கூறில் 10 ஃபுளோரின் அணுக்கள் இருக்கின்றன. கார்பன், ஃபுளோரின் பிணைப்பை உடைப்பது கல்லீரல் நொதிகளுக்குச் சுலபமில்லை. ஆக, மெதுவாகக் கரைகிறது, மெதுவாகச் சிதைகிறது, கொஞ்சம் இருந்தாலே வேலை செய்கிறது. மூன்றும் ஒரே மூலக்கூறில் அமைவது எவ்வளவு அபூர்வம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆன்டிபயாடிக்கை இப்படிச் செய்ய முடியாததற்குக் காரணமும் இதுதான், அதற்கு ரத்தத்தில் பல மடங்கு அதிக அளவு வேண்டும், ஆறு மாதத்துக்கான மருந்தை எந்தத் தோலுக்கு அடியிலும் வைக்க முடியாது.

சேமிப்பு ஊசி என்ற எண்ணம் பழையதுதான் டீச்சர், நம் அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் அந்த வகைதான். லெனகாபவிர் ஆரம்பத்தில் மெதுவாக ஏறுவதால் முதல் இரண்டு நாள் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி மாதிரி தட்டுப்படுவது பாதிப் பேருக்கு மேல் உண்டு, அதற்காக நிறுத்தியவர்கள் மிகச் சிலர்தான். இப்போது தசையில் போட்டு ஒரு வருஷம் நிற்கும் வடிவத்தைப் பெரிய அளவில் சோதிக்கிறார்கள்.

பொதுசுகாதாரம்_மதுரை

டீச்சர் சந்தேகப்பட்டது சரிதான், சுழியம் என்று பார்த்தால் எப்படி எண்ணினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

பர்பஸ் 1 என்ற சோதனை தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்தது, 16 முதல் 25 வயதுப் பெண்கள் 5,338 பேர். மூன்று பிரிவு. லெனகாபவிர் ஊசி 2,134 பேருக்கு, தினசரி மாத்திரையில் இரண்டு வகை, ஒன்று 2,136 பேருக்கு, இன்னொன்று 1,068 பேருக்கு. ஊசிப் பிரிவில் தொற்று 0, மாத்திரைப் பிரிவுகளில் 39, 16. வேலை செய்யும் மாத்திரை கையில் இருக்கும்போது யாருக்கும் வெறும் போலி மருந்து மட்டும் கொடுக்கக் கூடாது, அறம் அனுமதிக்காது. அதனால் ஒப்பிட வேறு வழி செய்தார்கள்: சோதனைக்குச் சேர வந்தவர்களையெல்லாம் பரிசோதித்து, அவர்களில் எத்தனை பேருக்குச் சமீபத்தில் தொற்றியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஊர்களில் இயல்பாக ஆண்டுக்கு 100 பேரில் 2.41 பேருக்குத் தொற்றுகிறது என்று கணக்கிட்டார்கள். 2024 ஜூனில் இடைக்கால முடிவைப் பார்த்ததுமே, ஊசி எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று ஒப்பீட்டை நிறுத்தச் சொல்லிவிட்டது கண்காணிப்புக் குழு.

மாத்திரைப் பிரிவில் 55 பேருக்கு எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மாத்திரையில் குறை இல்லை, தினம் போட்டால் நன்றாகவே காக்கும். ரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலான பெண்கள் ஒழுங்காகப் போடவில்லை என்று தெரிந்தது. இருபது வயதுப் பெண் எச்.ஐ.வி மாத்திரை டப்பாவை வீட்டில் எங்கே ஒளித்துவைப்பாள்? அம்மா பார்த்தால் ஒரு கேள்வி, காதலன் பார்த்தால் இன்னொரு கேள்வி. வருஷத்துக்கு இரண்டு ஊசி யார் கண்ணிலும் படாது. அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம், இந்த மருந்துக்கு எப்போதுமே சுழியம் என்று எழுதிவைத்துவிடாதீர்கள். ஆண்களையும் திருநர்களையும் சேர்த்து நடந்த பர்பஸ் 2-ல் ஊசி போட்ட 2,179 பேரில் 2 பேருக்குத் தொற்றியது. அப்படியும் அது மிக நல்ல முடிவுதான்.

உயிரியல்_டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. புத்தகத்தில் கேப்சிட் உடைகிற படத்தை இனி அப்படியே நடத்த மாட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் இதன் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல் என்று படித்தேன். அவ்வளவு விலைக்கு விற்றால் சோதனையில் கலந்துகொண்ட அந்தப் பெண்களுக்கே எட்டாதே?

விலை_கேட்பவள்

டீச்சர், நான் பல வருஷமாக மருந்துக் காப்புரிமை விவகாரத்தைத்தான் பின்தொடர்கிறேன். அமெரிக்காவில் 2025 ஜூனில் தடுப்புக்கான அனுமதி கிடைத்தபோது அறிவித்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதே மருந்தை 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர ஹைதராபாத்தில் இருக்கும் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ இரண்டு நிறுவனங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன, 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 28,218 எங்கே, 40 எங்கே! செய்யும் செலவு இவ்வளவுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் முன்பே கணக்குப் போட்டுச் சொன்னார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிலியட் 120 நாடுகளுக்கு ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவு வடிவம், செய்யும் உரிமத்தை ஆறு நிறுவனங்களுக்குக் கொடுத்தது உண்மை, அந்த அளவில் நல்லதுதான். ஆனால் பர்பஸ் 2 சோதனை நடந்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நாலும் அந்தப் பட்டியலில் இல்லை. உடம்பைக் கொடுத்துச் சோதனையில் நின்றவர்களின் நாட்டுக்கே மலிவு மருந்து கிடையாது என்றால் அது அநியாயம்.

ஃபார்முலேஷன்காரன்

விலை_கேட்பவள், நீங்கள் சொல்லும் அநியாயத்தை மறுக்கவில்லை அக்கா. ஆனால் செய்யும் செலவு வேறு, கண்டுபிடிக்கும் செலவு வேறு. பத்து வருஷம் ஓடிய ஒரு திட்டத்துக்குப் பக்கத்தில் கைவிட்ட மூலக்கூறுகள் எத்தனையோ இருக்கும், அந்தச் செலவை எங்காவது எடுத்தாக வேண்டும் இல்லையா.

விலை_கேட்பவள்

எடுக்கட்டும் தம்பி, பணக்கார நாட்டுச் சந்தையில் எடுக்கட்டும். பெருவில் எடுக்க வேண்டுமா? அப்புறம், கூம்பு எப்படி நிற்கிறது என்று கண்டுபிடித்த வேலைக்கு அமெரிக்க அரசுதானே பணம் கொடுத்தது, மேலே படிகம் நண்பரே சொல்லியிருக்கிறார். அந்தப் பங்கையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

சென்னை_லேப்

குறுக்கே ஒரு சின்னத் தகவல், டீச்சர் வகுப்புக்கு உதவும். இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் அந்த வேலையைச் செய்தார்கள். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லாததால் ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சிக்கு எடுத்துப் போய்ச் சோதித்தார்கள்.

டாக்டர்_நெஞ்சகம்

எல்லாரும் நல்லதைச் சொல்லிவிட்டீர்கள், கவனமாக இருக்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

ஊசிக்கு முன் எச்.ஐ.வி இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும், ஒவ்வொரு முறையும். தெரியாமல் தொற்று இருந்தால் அவருக்கு இந்த ஒரு மருந்து மட்டும் போகும், வைரஸ் தப்பித்துக்கொள்ளப் பழகிவிடும். பர்பஸ் 2-ல் தொற்றிய இருவரிடமும் வைரஸ் கேப்சிட்டில் என்74டி என்ற மாற்றம் இருந்தது, மருந்து உட்காரும் பள்ளத்திலேயே. ஊசியை நிறுத்தினாலும் மருந்து பல மாதம் குறைந்த அளவில் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும், அந்த நேரமும் ஆபத்தானதுதான். நிறுத்துபவர்கள் மாத்திரைக்கு மாற வேண்டும், சும்மா விட்டுவிடக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை காசநோய்தான். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு லெனகாபவிரின் அளவைக் கீழே இறக்கிவிடும். எச்.ஐ.வி அதிகம் உள்ள ஊர்களில் காசநோயும் அதிகம், தென்னாப்பிரிக்கா அப்படி, நம் நாட்டிலும் காசநோய்க்குக் குறைவில்லை. ஊசியில் இருப்பவருக்கு நடுவில் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் கூடுதல் அளவு கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. ஊசி போடுவது ஒரு இடம், காசநோய் மாத்திரை கொடுப்பது இன்னொரு இடம், இரண்டு இடத்துக்கும் ஒரே சீட்டு போகிறதா என்று பார்க்கும் ஆள் வேண்டும். திட்டம் தீட்டும்போதே அதையும் சேர்த்துத் தீட்ட வேண்டும்.