புள்ளிகளை மீளப் பெறும் இரண்டு நாள் வகுப்பு: தண்டப்பணம் கட்டும் முன்னரா, பின்னரா?

கேள்வி – மரக்கறிவண்டி

வணக்கம் உறவுகளே. நான் பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். அதிகாலையில் ரஞ்ஜிஸ் மொத்தச் சந்தையில் மரக்கறி ஏற்றி, தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதே என் தொழில் என்பதால், பெர்மி (பிரான்சின் சாரதி அனுமதிப்பத்திரம்) பறிபோனால் வேலையும் போய்விடும். அதிலுள்ள 12 புள்ளிகளில், கைத்தொலைபேசியைக் கையில் பிடித்திருந்ததற்கு 3, சிவப்பு விளக்கைக் கடந்ததற்கு 4, வேக எல்லையை 20 கிலோமீற்றருக்கு மேல் மீறியதற்கு 2 எனக் கழிந்து, 3 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. சென்ற வாரம் ஸ்டொப் பலகையில் முழுமையாக நிறுத்தவில்லை என்று மறித்தார்கள். அதற்கு 135 யூரோ தண்டமும் 4 புள்ளிகளும். உடனே கட்டினால் 90 யூரோவுடன் முடியும் என்கிறார் மைத்துனர். கட்டிவிட்டுப் புள்ளி மீட்கும் ஸ்தாஜுக்கு, அதாவது அந்த இரண்டு நாள் வகுப்புக்கு, போகலாமா?

பதில் – பழைய சாரதி

தம்பி, தயவுசெய்து இன்னும் கட்டிவிடாதீர்கள். தண்டத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம்; புள்ளி கழிவது அதன் பிறகுதான். உங்களிடம் இருப்பது 3, கழியப்போவது 4. கணக்கு பூச்சியமானதும் பெர்மி செல்லாது என்று அறிவிக்கும் 48 எஸ்ஐ (48SI) என்ற கடிதம் பதிவுத்தபாலில் வரும். 10 நாட்களுக்குள் அனுமதிப்பத்திரத்தை ஒப்படைக்க வேண்டும், 6 மாதங்களுக்குப் புதியது பெற முடியாது. அந்தக் கடிதம் சேர்ந்த பிறகு எந்த வகுப்பும் உதவாது. தபாலகத்தில் போய் எடுக்காமல் விட்டால் தப்பலாம் என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். எடுக்காத கடிதமும் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

ஆகவே முதலில் வகுப்பு. அதில் 4 புள்ளிகள் கூடும். முடிந்த மறுநாளிலிருந்தே அவை உங்களுடையவை. 3 என்பது 7 ஆகி, பிறகு 4 கழிந்தாலும் 3 கையில் நிற்கும். தண்டத்தைக் கட்ட 45 நாட்கள் உண்டு, அதைத் தாண்டினால்தான் 375 யூரோவாக ஏறும். 90க்குப் பதிலாக 135 கட்ட நேர்ந்தாலும் தொழில் மிஞ்சும். ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: ஓராண்டுக்கு ஒரு முறைதான் இந்த வகுப்பால் புள்ளி பெறலாம்.

பதில் – இரண்டு பிள்ளைகளின் அப்பா

சென்ற ஆண்டு நானும் இருந்து வந்தேன். தொடர்ச்சியாக இரண்டு நாட்கள், மொத்தம் 14 மணித்தியாலம். பிரெபெக்தூர் எனும் மாவட்ட அரச நிர்வாக அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று பார்த்துப் பதியுங்கள். பரீட்சை கிடையாது, ஆனால் முழு நேரமும் இருந்தே ஆகவேண்டும். வகுப்பை நடத்துவோர் இருவர்: ஓர் உளவியலாளர், ஒரு வீதிப் பாதுகாப்புப் பயிற்சியாளர். எல்லாம் பிரெஞ்சில் கலந்துரையாடலாக நடப்பதால், மொழி தடுமாறினாலும் வாய் திறந்து பேசுங்கள், யாரும் குறை சொல்வதில்லை.

என்னை அசைத்தது ஒரு சிறிய விடயம். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடுகிறது என்று சொல்லி, அந்தத் தூரத்தை நடைக்கூடத்தில் எங்களைக் காலால் அளக்க வைத்தார்கள். கதவிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து, கோப்பி இயந்திரத்தையும் கடந்து நின்றபோது, ஒரு குறுஞ்செய்தியைப் பார்க்கும் நேரத்தில் இவ்வளவு தூரத்தைக் கண் மூடி ஓட்டியிருக்கிறேனே என்று கை நடுங்கியது. மகளின் பாடசாலை வாசலில் பாதசாரிக் கடவைக்கும் நான் வழமையாகத் திரும்பும் முடக்குக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இல்லை.

பதில் – புதுச்சாரதி

புதிதாகப் பெர்மி எடுத்த தம்பி தங்கைகளுக்காக இதையும் எழுதுகிறேன். நமக்குத் தொடக்கத்தில் 6 புள்ளிகளே. பெர்மி எடுத்த பின்னரான பரீட்சார்த்தக் காலத்தில் ஒரே குற்றத்தில் 3 அல்லது அதற்கு மேல் இழந்தால் 48 என் (48N) என்ற கடிதம் வரும். அது வந்து 4 மாதங்களுக்குள் வகுப்பு கட்டாயம். முடித்த பின் விண்ணப்பித்தால் அந்தக் குற்றத்துக்குக் கட்டிய தண்டப்பணம் திருப்பித் தரப்படும். இதை அறியாமல் என் நண்பன் அந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிட்டான்.

மரக்கறிவண்டி

மிக்க நன்றி அண்ணா, மற்ற உறவுகளுக்கும் நன்றி. வருகிற வெள்ளி, சனிக்கு இடம் பதிந்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் மைத்துனர் வண்டி எடுப்பார். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே தண்டத்தைக் கட்டுவேன்.